குழல்கறியில் என்ன போட்டிருக்கு?

குவைத்திலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் டேப்ரிக்கார்டர் கொண்டுவருவார்கள், கம்பளி கொண்டுவருவார்கள், சென்ட் பாட்டில் கொண்டுவருவார்கள். லப்பைக்குடிக்காட்டு ஹபிபுல்லா 1983 ஆகஸ்டில் வந்து இறங்கி அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது உள்ளே ஒரு இரும்பு மிஷின் இருந்தது. ஒரு பக்கம் கைப்பிடி, மேலே அகன்ற வாய், முன்னால் நீளமாக ஒரு குழாய். கறி அரைக்கிற மிஷின்.

"இதை எங்க வைக்கிறது? ஷோகேஸ்லயா?" என்று கேட்டாள் அவர் மனைவி பத்ருன்னிசா.

அவளுடைய தம்பி அப்துல் சுக்கூர் கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். "பாட்டு ஒண்ணும் வரலியே மச்சான்" என்றான்.

ஹபிபுல்லா சிரிக்கவில்லை. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை அன்றைக்கே மனைவியிடம் சொன்னார். இனிமேல் குவைத் வேண்டாம். ஆறு வருடம் போதும். மகள் ஹபீபாவுக்கு ஆறு வயது. அவளோடு அவர் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருடம் தேறாது. பெரம்பலூரில் ஒரு கடை போட வேண்டும். லீவு முடிந்து பிப்ரவரி பதினைந்துக்குள் திரும்பிப் போகாவிட்டால் விசா செத்துவிடும். அதற்குள் கடை ஓடிவிட்டால், விசா சாகட்டும் என்று விட்டுவிடலாம்.

"ஓடலைன்னா?" என்றாள் பத்ருன்னிசா.

"ஓடும். எனக்குத் தெரிஞ்ச வேலை."

அது என்ன வேலை என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. குவைத்தில் ஒரு கம்பெனியில் கறியை அரைத்து, கொழுப்பும் மசாலாவும் ஐஸும் கலந்து, மெல்லிய தோலுக்குள் விரல்போல நிரப்பி, வேகவைத்து டின்னில் அடைப்பார்கள். அதில் கலவை போடுகிற பிரிவில் ஹபிபுல்லா இருந்தார். வெளியே கடைகளில் அதை நீட்டு ரொட்டிக்குள் வைத்து, கடுகுச் சாந்து தடவி விற்பார்கள். ஹாட் டாக் என்று பெயர். டின்னின் மேலே உள்ளே என்னென்ன இருக்கிறது என்று இரண்டு பாஷையில் அச்சடித்திருக்கும். அந்த அச்சு ஹபிபுல்லாவுக்கு மிகவும் பிடித்திருந்தது. சாப்பிடுகிறவனுக்குத் தான் என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியவேண்டும், தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று அவர் நினைத்தார். அந்த ஒரு நினைப்பை நம்பித்தான் மிஷினை வாங்கினார்.

பெயருக்கு என்ன அர்த்தம் என்று சுக்கூர் கேட்டதும், சூடான நாய் என்று அதையும் உள்ளபடி சொன்னார். மறுநாள் தொழுகை முடிந்து வெளியே வருவதற்குள் மூன்று பேர் அவரை நிறுத்தி, "நாய் பேரு வச்ச பண்டத்தையா ஹலால்னு சொல்லி விக்கப்போற?" என்று கேட்டுவிட்டார்கள். "பேருதாங்க அப்படி. நம்ம கசாப்புக் கடையில பிஸ்மி சொல்லி அறுத்த ஆடுதான்" என்று மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, குழல்கறி என்று வேறு பெயர் வைத்தார்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில், வேணுகோபாலின் டீக்கடையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை கிடைத்தது. விடிவதற்கு முன்னால் அவரும் பத்ருன்னிசாவும் ஆட்டுக் குடலை உப்புப் போட்டு அலசித் திருப்பி, கறியை அரைத்து நிரப்பி, வேகவைத்து எடுப்பார்கள். முதல் பஸ்ஸில் அலுமினிய அண்டாவோடு அவர் கிளம்பிவிடுவார். கரி அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டு, குழல்கறியை உருட்டி உருட்டிச் சிவக்க வாட்டி, பன்னைக் கீறி உள்ளே வைத்து, வெங்காயமும் தக்காளிச் சட்னியும் தூவித் தருவார். வாசம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போகும்.

முதல் நாளே கூட்டம் வந்தது. வந்து, கேள்வி கேட்டது.

"என்ன பாய் இது?"

"குழல்கறிங்க. ரொட்டிக்குள்ள வச்சுத் தருவேன்."

"என்ன கறி?"

"ஆட்டுக்கறி."

"மாடு கலந்திருக்குமோ?"

"இல்லீங்க. வெள்ளாடு மட்டும்தான்."

"மேல தோலு மாதிரி இருக்கே?"

"அது ஆட்டுக் குடல். நல்லா அலசி, உள்பக்கத்தை வெளிய திருப்பி…"

"குடலா!" என்று அந்த ஆள் இரண்டடி பின்னால் போனார். ஞாயிற்றுக்கிழமையானால் குடல் குழம்பு இல்லாமல் சோறு இறங்காத ஆள் அவர். அதை அவரே சொன்னார். "குழம்புல கிடக்குற குடல் வேற பாய். இது கறியை உள்ள வச்சுத் தைச்ச மாதிரி இருக்கு. கண்ணுக்கு ஒப்பலை."

இன்னொரு விஷயமும் இருந்தது. ஆறு வருடம் இங்கிலீஷ் தேதியில் வாழ்ந்த மனிதர், தமிழ் மாதத்தை மறந்துபோய்ப் புரட்டாசி சனிக்கிழமையில் கடையைத் திறந்திருந்தார்.

"கறிக்கடை தொறக்க நாள் பார்த்தீங்க பாரு!" என்றார் வேணுகோபால், பஜ்ஜிக் கரண்டியை ஆட்டிக்கொண்டே. "பேசாம திங்கக்கிழமை சிறுவாச்சூர் கோயில் வாசல்ல போய் நில்லுங்க. கூட்டம் அலைமோதும், ஆனா அங்கயும் ஒருத்தன் வாங்கமாட்டான்."

புரட்டாசி போய் ஐப்பசி வந்தது. கேள்விகள் மட்டும் குறையவில்லை. சூடா, குளிர்ச்சியா? பித்தமா, வாயுவா? எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச அன்னைக்குச் சாப்பிடலாமா? மோர் குடிச்சுட்டுச் சாப்பிடலாமா? கரப்பான் இருக்கிற உடம்புக்கு ஆகுமா? கல்லில் போடுவதற்கு முன்னால் இது வெந்ததா, பச்சையா? முழுகாம இருக்கிற பொண்ணு தின்னலாமா?

ஹபிபுல்லா ஒரு கேள்வியையும் விடவில்லை. ஏற்கெனவே வெந்ததுதான், ஆனால் சூடு பண்ணித்தான் சாப்பிட வேண்டும் என்பார். முழுகாமல் இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்பார். சின்னப் பிள்ளைகளுக்கு முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்று சொல்லி நீளவாக்கில் நான்காகக் கீறித் தருவார். அதைப் பார்த்த பிள்ளையின் தாய்க்கு அதுவரை இல்லாத பயம் வந்துவிடும்.

"உடம்புக்கு நல்லதா?" என்று யாராவது கேட்டால்தான் அவர் கொஞ்சம் நிதானிப்பார். பிறகு சொல்லிவிடுவார். "எப்பவாவது ஒண்ணு தின்னா ஒண்ணும் பண்ணாதுங்க. தெனம் வேண்டாம். உப்பும் கொழுப்பும் சாஸ்தி."

"விக்கிறவரே வேண்டாங்கறாரு, வாடா போலாம்" என்று போய்விடுவார்கள்.

போகிறவர்கள் நேரே எங்கேயும் போகமாட்டார்கள். பக்கத்தில் வேணுகோபால் கடையில் போய் நின்று நாலு பஜ்ஜி வாங்கித் தின்பார்கள். அந்த எண்ணெய்ச்சட்டியின் அடி எந்த நிறம் என்று வேணுகோபாலுக்கே மறந்துபோயிருக்கும். ஒருநாள் ஹபிபுல்லாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க வேணுகோபால், உங்க எண்ணெய் எந்த மாசத்து எண்ணெய்னு என்னைக்காவது ஒருத்தன் கேட்டிருக்கானா? என்கிட்ட மட்டும் ஏன் இத்தனை கேள்வி?"

"என்கிட்ட கேட்டா பதில் வராது பாய்" என்றார் வேணுகோபால். "இந்தா சூடா இருக்கு, புடின்னு கையில திணிச்சிடுவேன். நீங்க கேட்டா சொல்றீங்க. சொல்றவன்கிட்டதான கேப்பாங்க?"

ஹபிபுல்லா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்வதால்தான் தகராறு, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் கேள்வியே இருக்காது என்று தோன்றியது. டின்னில் இருந்த மாதிரி. மார்கழி பிறந்ததும் பெயிண்டரைப் பிடித்து, ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு எழுதச் சொன்னார். மேலே "குழல்கறியில் என்ன போட்டிருக்கு?" என்று சிவப்பில். கீழே வரிசையாக: வெள்ளாட்டுக்கறி, ஆட்டுக்கொழுப்பு, ரஸ்க் தூள், ஐஸ், உப்பு, மிளகு, பூண்டு, மேல் தோல் ஆட்டுக் குடல். கடைசி வரியைச் சொல்லும்போது பெயிண்டர் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"பாய், இதையுமா?"

"போட்டிருக்குல்ல? அப்ப எழுதணும்ல?"

பெயிண்டர் எழுதினார்: வெடியுப்பு ஒரு சிட்டிகை.

குவைத்தில் அதற்கு ரோஸ் நிறத்தில் ஒரு பொடி உண்டு. அது சேர்ந்தால்தான் கறி வெந்த பிறகும் சிவப்பாக இருக்கும், சீக்கிரம் கெடாது. இங்கே அந்தப் பொடி கிடைக்காததால், அந்தக் காலத்தில் எல்லா ஊரிலும் போட்டது இதுதான் என்று கம்பெனியில் கேட்டுவைத்திருந்ததை நினைத்து, நாட்டு மருந்துக் கடையில் சுத்தி செய்த வெடியுப்பு வாங்கினார். தராசில் நிறுத்துத்தான் போடுவார். அளவு தப்பினால் விஷம் என்று அவருக்குத் தெரியும். பத்ருன்னிசாவைக்கூட அந்தப் பொட்டலத்தைத் தனியாகத் தொடவிடமாட்டார், முன்கூட்டியே நிறுத்து மடித்து வைத்த சின்னப் பொட்டலங்களைத்தான் தருவார்.

ஆனால் இந்தப் பக்கம் வெடியுப்பு என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். தரைக்குக் கீழே பாறை. வெடி வைக்காமல் கிணறு இல்லை.

போர்டை முதலில் சத்தம்போட்டுப் படித்தவர் கொளஞ்சி. ரஞ்சன்குடிப் பக்கத்துக்காரர், கிணற்றுக்கு வெடி வைக்கிறவர். டீக் குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரோடு எழுந்து வந்தார்.

"வெடியுப்பு! ஏன் பாய், நாங்க பாறையைப் பொளக்க மருந்து கலக்குவோமே, அந்த உப்பா?"

"அதேதாங்க."

"அதே உப்பா?"

"அதே உப்புதான். இது சுத்தி பண்ணது. ஒரு சிட்டிகைதான். தனியா வெடிக்காதுங்க. கந்தகமும் கரியும் கூட இருந்தாத்தான்…"

"உங்க அடுப்புல என்ன பாய் எரியுது?"

ஹபிபுல்லா குனிந்து பார்த்தார். கரி.

"அப்ப உப்பு இருக்கு, கரி இருக்கு. கந்தகம் மட்டும்தான் பாக்கி" என்றார் கொளஞ்சி. பஸ் ஸ்டாண்டே சிரித்தது. கொளஞ்சி கெட்டவர் இல்லை. சிரித்துவிட்டு ஒரு குழல்கறி ரொட்டி வாங்கித் தின்றார். "நல்லாத்தான் இருக்கு. அந்த உப்பை நாங்க நாக்குல வச்சுத்தான் பார்ப்போம், ஜில்லுனு இருந்தா நல்ல சரக்கு. எங்களுக்கு என்ன பயம்?" என்று இன்னொன்றும் வாங்கினார். ஆனால் அவர் தின்றதை யாரும் பார்க்கவில்லை. சிரித்தது மட்டும் எல்லார் மனதிலும் தங்கிவிட்டது. அந்த வாரத்துக்குள் கண்டக்டர்கள், "வெடிக்கடையெல்லாம் எறங்கு!" என்று ஆரம்பித்துவிட்டார்கள். தாய்மார்கள் பிள்ளைகளை மறுபக்கமாகக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு கடையைத் தாண்டினார்கள்.

சரி, வெடியுப்பே வேண்டாம் என்று ஒருநாள் போடாமல் செய்து, போர்டில் அந்த வரியை அழித்துவிட்டு எடுத்துவந்தார். வேகவைத்து எடுத்த குழல்கறி சாம்பல் நிறத்தில், மழையில் ஊறிய கயிற்றுத் துண்டு மாதிரி கிடந்தது.

"நேத்துக் கறியா பாய்?" என்றார் முதலில் வந்தவர்.

"இன்னைக்கு விடியக்காலை செஞ்சதுங்க."

"பின்ன ஏன் செத்துப்போன மாதிரி இருக்கு?"

"நேத்து வரைக்கும் செவப்பா இருந்ததுக்கு வெடியுப்புப் போட்டேன்னு பயந்தீங்க. அதைப் போடலை, அதான் நிறம் இல்லை" என்று ஹபிபுல்லா பொறுமையாகச் சொன்னார்.

"அப்ப நேத்து வரைக்கும் வெடியுப்புப் போட்டது நெசந்தானா?" என்றார் அந்த ஆள்.

அன்றைக்கு அண்டா முழுவதையும் தெருநாய்களுக்குக் கொட்டிவிட்டு வந்தார். சாயங்காலம் வரை வைத்திருந்தால் கெட்டுவிடும், கெட்டதை அவர் விற்கமாட்டார். மறுநாள் பழையபடி வெடியுப்பைப் போட்டார், அந்த வரியைத் தம் கையாலேயே திரும்ப எழுதினார். எழுத்துக் கோணலாக இருந்ததால் முன்னைவிட நன்றாகக் கண்ணில் பட்டது.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. எழுந்து நிற்க முடியவில்லை. பிப்ரவரி பதினைந்துக்கு நாலு வாரம்தான் இருந்தது. "ஒருநாள்கூடப் பூட்டக்கூடாது" என்று போர்வைக்குள்ளிருந்து சொன்னார்.

"நான் பாத்துக்கறேன் மச்சான். நீ படு" என்றான் சுக்கூர்.

பத்ருன்னிசாவும் அவன் மனைவியுமாகக் கறி செய்து கொடுத்தார்கள். சுக்கூர் அண்டாவோடு போனான். மத்தியானம் இரண்டு மணிக்கே வெறும் அண்டாவோடு திரும்பிவந்தான். மறுநாள் இரண்டு மடங்கு செய்தார்கள். அதுவும் காலி. ஹபிபுல்லாவுக்குக் காய்ச்சலிலும் நம்பிக்கை வந்தது. ஊருக்குப் பழக நாலு மாதம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்தார். ஹபீபாவைக் கூப்பிட்டு, "அத்தா போகமாட்டேன்டா" என்றார். அவள், "சுக்கூர் மாமாவும் அப்படித்தான் சொல்லிச்சு" என்றாள்.

ஐந்தாம் நாள் தலை சுற்றல் குறைந்ததும் பஸ் ஏறிவிட்டார். பெரம்பலூரில் இறங்கியதும் தம் கடை முன்னால் கூட்டத்தைப் பார்த்தார். உண்மையாகவே கூட்டம். காசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற கூட்டம். ஆனால் போர்டைக் காணோம். அதைக் குறுக்காகச் சாய்த்து, எழுத்து உள்பக்கமாக, அடுப்புக்குக் காற்று மறைப்பாக வைத்திருந்தான் சுக்கூர்.

"வாங்க வாங்க! குவைத் ஷேக்கு காலையில எந்திரிச்சதும் இதுலதான் முழிக்கிறாரு! தின்னா ரத்தம் ஊறும், எலும்பு இறுகும்!"

"என்ன போட்டிருக்கு தம்பி இதுல?" என்று ஒருவர் கேட்டார்.

"கேக்க வந்தீங்களா, திங்க வந்தீங்களா மாமா? பஸ்ஸு போயிரும், புடிங்க!"

அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். நாலு மாதமாக ஹபிபுல்லாவைக் குடைந்து எடுத்த அதே ஆள். குடல் என்று கேட்டுப் பின்வாங்கியவர்.

ஹபிபுல்லா உள்ளே போய்ப் பன்னைக் கீற ஆரம்பித்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். கால் மணி நேரம் அப்படித்தான் இருந்தார்.

அப்போது ஒரு பெண் ஐந்து வயதுச் சிறுமியோடு முன்னால் வந்தாள். வயல் வேலைக்குப் போகிறவள் என்று கையைப் பார்த்தாலே தெரிந்தது.

"மருதாயி அக்கா, இன்னைக்கும் வந்துட்டியா!" என்றான் சுக்கூர். "மூணு நாளா வருது மச்சான். புள்ளைக்குக் காமாலை வந்து எளைச்சுப்போச்சாம். தெனம் ஒண்ணு குடு, தேறிடும்னு சொல்லியிருக்கேன்."

ஹபிபுல்லா நிமிர்ந்து சிறுமியைப் பார்த்தார். காமாலை முழுக்க இறங்கவில்லை. கண்ணின் வெள்ளையில் இன்னும் மஞ்சள் இருந்தது. அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"இந்தப் புள்ளைக்கு இது வேண்டாம்மா."

"ஏன்?" என்றாள் மருதாயி.

"ஆகாது. இட்லி குடு, கஞ்சி குடு. இது வேண்டாம்."

மருதாயியின் முகம் மாறியது. "காசு குடுத்துத்தான கேக்கறேன்? ஓசியா கேட்டேன்? முன்னாடி நின்ன எல்லாத்துக்கும் குடுத்தீல்ல? நாங்க தின்னா மட்டும் ஆகாதா?"

"அதுக்கில்லம்மா…"

"எதுக்கில்ல? கூலிக்காரின்னா எளப்பமா? பத்தியம் முடிஞ்சு, வாய்க்கு ருசியா கறி கேக்குது புள்ள. என் காசு பத்தாதா உனக்கு?" அவள் காசைப் பலகை மேல் வைத்தாள்.

ஹபிபுல்லா காசை அவள் பக்கமாகத் தள்ளினார். இந்தப் பெண்ணுக்கு எப்படியாவது புரியவைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. இவள் ஒருத்திக்குப் புரிந்தால் போதும். "அம்மா, கேளு. இதுல கறியில பாதிக்குப் பாதி கொழுப்பு. உப்பு அதிகம். வெடியுப்பு போட்டிருக்கேன். நோவு விழுந்த ஈரல் இதைத் தாங்காது. உன்னை எளப்பமா நெனச்சிருந்தா காசை வாங்கிக்கிட்டுக் குடுத்துட்டுப் போயிருப்பேனே!"

"அப்ப எங்களுக்கு மட்டும் ஆகுமா?" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

சுக்கூர் அவர் காலை மிதித்தான். ஹபிபுல்லா அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"தெனம் தின்னா யாருக்குமே ஆகாதுங்க."

கூட்டம் கலைந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. ஒருவர் மணியைப் பார்த்தார், ஒருவர் பஸ் வந்துவிட்டது என்றார். இரண்டு பேர் வேணுகோபால் பக்கம் நகர்ந்தார்கள். மருதாயி காசை எடுத்துக்கொண்டு, "பெரிய டாக்டரு" என்று சொல்லிவிட்டு, பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள். பிள்ளை அழுதது. தாய் போன வழியில் நாலு எட்டு நடந்து நின்று, அந்தப் பிள்ளைக்கு வேணுகோபால் கடையில் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாள். அதையும் ஹபிபுல்லா பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

சுக்கூர் இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் பலகை மேல் போட்டான்.

"மச்சான், நான் உனக்காகத்தான் தொண்டை கிழிய கத்துனேன். எனக்கு இதுல என்ன இருக்கு? நாலு நாள்ல நான் கட்டினதை நாலு வார்த்தையில ஒடைச்சிட்டியே."

"பொய் சொல்லிட்டியேடா. புள்ளை கண்ணு மஞ்சளா இருக்கு, தெனம் குடுன்னு சொல்லியிருக்க."

"எனக்கு என்ன தெரியும்? நீதான் படிச்ச மாதிரி பேசுற. நான் வியாபாரம்தான் பண்ணேன்."

அது நியாயம்தான் என்று ஹபிபுல்லாவுக்கே தோன்றியது. அதனால் இன்னும் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். பன்களைக் கூடையில் போட்டுக் கட்டினார். அன்றைக்குக் கடை அதோடு சரி.

வீட்டில் பத்ருன்னிசாவிடம் சுக்கூர் முன்னாலேயே வந்து சொல்லியிருந்தான். அவள் மிஷினைப் பிரித்துப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே பேசினாள்.

"சுக்கூரு சொல்ற பொய்யை நீங்க சொல்ல வேண்டாங்க. சும்மா இருந்திருந்தா போதும். எங்களுக்காக வாயை மூடிக்கிட்டு நிக்கக்கூட உங்களால முடியலை."

"அந்தப் புள்ளையைப் பார்த்திருந்தா நீயும் பேசியிருப்ப."

"பேசியிருப்பேன். அந்த அம்மாவைத் தனியா கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன். கூட்டத்துக்கு என்ன வந்துச்சு? அவங்களுக்கு ஏன் சொன்னீங்க?"

"கேட்டாங்க."

பத்ருன்னிசா கையைத் துடைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"நானும் ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. ஹபீபா தெனம் கேட்டு அழுவறா, அவளுக்கு மாசத்துல ஒண்ணுக்கு மேல குடுக்கமாட்டேங்கறீங்க. நான் தின்னா, கொழுப்பை எடுத்துடுங்கறீங்க. நீங்க தின்னு நான் பார்த்ததே இல்லை. சொந்தப் புள்ளைக்குக் குடுக்க மனசு வராத பண்டத்தை ஊருக்கு விக்கணும்னு எதுக்கு இவ்வளவு பாடு?"

இதுவரை கேட்ட எல்லாருக்கும் அவரிடம் பதில் இருந்தது. சூடா என்றால் சூடு, குடலா என்றால் குடல். இதற்கு அவர் கழுவி வைத்திருந்த கைப்பிடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதான்" என்றார் கடைசியில்.

"அப்ப தெரிஞ்ச எடத்துலயே போய்ச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டாள். சொல்லி முடித்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளும் அதைச் சொல்ல நினைத்திருக்கவில்லை.

ஆனால் ஹபிபுல்லா அதை யோசிக்க ஆரம்பித்துவிட்டார். குவைத்தில் அவர் கலவை போடுவார், அவ்வளவுதான். எந்தப் பிள்ளை அதைத் தின்கிறது, அதன் கண் எந்த நிறம் என்று அவர் பார்க்க வேண்டியதில்லை. விற்கிறவனுக்குக் கலவை தெரியாது, கலக்கிறவனுக்கு வாங்குகிற முகம் தெரியாது. அதனால்தான் அந்த வேலையை ஆறு வருடம் செய்ய முடிந்திருக்கிறது. இங்கே இரண்டும் ஒரே ஆள். அது தம்மால் ஆகாது. இது அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. வேறு வேலை தேட மாதங்கள் வேண்டும். இருந்தது மூன்றரை வாரம். அதற்குள்ளும் அவர் அலையாமல் இல்லை. அரியலூரில் சிமெண்டு லாரி ஆபீஸில் கேட்டார், பெரம்பலூரில் மளிகைக் கடையில் கேட்டார். எல்லாரும், "குவைத்துல சம்பாதிச்ச ஆளு, உனக்கு எதுக்குப்பா இந்த வேலை?" என்று சிரித்து அனுப்பினார்கள்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலையில் பெரம்பலூரிலிருந்து மெட்ராஸ் பஸ் ஏறினார். அங்கிருந்து பம்பாய்க்கு ரயில், பம்பாயிலிருந்து விமானம். பத்ருன்னிசா ஹபீபாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை வந்தாள். நல்லபடி போய்ச் சேருங்க என்றாள். ஹபீபா பஸ் கிளம்பும்வரை அழவில்லை, கிளம்பின பிறகு அவள் அழுதாளா என்று அவருக்குத் தெரியாது. பஸ் அதற்குள் வளைவில் திரும்பிவிட்டது.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த பெரியவர் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார்.

"குவைத்துக்கா தம்பி?"

"ஆமாங்க."

"அங்க என்ன வேலை?"

ஹபிபுல்லா வாயைத் திறந்தார். கறி, கொழுப்பு, ஐஸ், உப்பு என்று எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"கம்பெனி வேலைங்க" என்றார்.

"நல்ல வேலைதான்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் கண்ணை மூடித் தூங்கத் தொடங்கினார்.